துணைக்கு ஒரு குஞ்சு

ராசப்பன் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டான். உள்ளே இருட்டு. தவிட்டு வாடையும் இறகின் சூடும் முகத்தில் வந்து மோதின. கறுப்புக் கோழி கொத்தும் என்று எதிர்பார்த்து மணிக்கட்டில் துண்டைச் சுற்றியிருந்தான். அவன் மனைவி சந்திரம்மாளைத் தவிர வேறு யார் கை உள்ளே போனாலும் கொத்துகிற கோழி அது. போன மாதம்கூடப் பக்கத்து வீட்டு சாரா பீவியின் கட்டைவிரலைப் பதம் பார்த்திருந்தது.

கொத்தவில்லை. வயிற்றைக் கொஞ்சம் தூக்கி, அவன் கைக்கு இடம் விட்டது.

அவன் கை அப்படியே நின்றது.

"கிடைச்சுதா மாப்ள?"

பின்னால் மாமியார் ரெங்கம்மாள் நின்றிருந்தாள். அழுது கட்டிப்போன குரல். ஒரு கையில் சின்ன ஓலைக் கொட்டான். மறு கையில், மகளுக்குப் போர்த்திய கோடிப் புடவையின் ஓரத்தில் கிழித்த சிவப்புத் துணி.

"எடுக்கறேன்."

விரல்களுக்குள் பஞ்சுபோல ஒன்று அகப்பட்டது. துண்டோடு சேர்த்து எடுத்துக் கொட்டானில் வைத்தான். அது ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. துண்டை விலக்காமலே உள்ளே விரலை விட்டு, சிவப்புத் துணியை அதன் காலில் கட்டினான். முடிச்சு சரியாக விழுந்தது. காலையிலிருந்து அவன் கைகள் எல்லாவற்றையும் சரியாகவே செய்துகொண்டிருந்தன. டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டின. நாற்காலி எடுத்துப் போட்டன. வாசலில் கட்டியிருந்த மாவிலையைக் கழற்றின. அவனைக் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

விடியும் நேரத்தில் சந்திரம்மாள் போய்விட்டாள். பிள்ளை பெற்ற உடம்பில் ஜன்னி கண்டிருந்தது. கடைசி இரண்டு நாள் அவள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் மட்டும் தலையைத் தூக்கி, "வாத்தெல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்று சொன்னால் படுத்துக்கொண்டாள்.

குஞ்சு வேண்டாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான். காலேஜில் படித்தபோது மூடநம்பிக்கைகளைப் பற்றிப் பேசி வெள்ளிக் கோப்பை வாங்கியவன். அந்தக் கோப்பையால்தான் சந்திரம்மாள் கோழிகளுக்கு நொய் அள்ளிப் போட்டாள். நல்ல அளவு என்பாள்.

"அத்தை, அதெல்லாம் சும்மா," என்றான்.

"சும்மாவே இருக்கட்டும். சனிக்கிழமை போயிருக்கா. அதுவும் புரட்டாசிச் சனி. துணை இல்லாம போவாளா?" ரெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "துணைன்னா யாரைத் தேடுவா? உங்களையா? என்னையா?"

இருவரும் தூளியைப் பார்த்தார்கள். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

"ஒரு உசுரைக் கூட அனுப்பிடணும் மாப்ள. பாடையில கட்டி எடுத்துட்டுப் போயி, சுடுகாட்டுல விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடணும். வீட்டு ஆம்பளைதான் தன் கையால விடணும். அது மட்டும் வீடு திரும்பக்கூடாது."

"திரும்பி வந்தா?"

"வந்தா, இது எனக்கு வேணாம்னு அவ சொல்லிட்டான்னு அர்த்தம். புள்ளைதான் வேணும்னு அர்த்தம். எங்க சின்னாயி செத்தப்ப இப்பிடித்தான் எல்லாரும் சும்மான்னாங்க. மாசம் முடியலை, கடைசிப் பய போயிட்டான். நான் பார்த்தவ."

அவன் கொல்லைக்கு இறங்கினான். போய் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டான்.

பாலக்கரையில் வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள் அவை. முன்பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல். பின்பக்கம் எல்லோருக்கும் ஒரே கொல்லை. நடுவில் சுவர் கிடையாது. கொல்லை சரிந்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் போய் இறங்கும். கோழிகளும் வாத்துகளும் எல்லா வீட்டிலும் புகுந்து புறப்பட்டன. சாரா பீவி தன் கோழிகளுக்கு இறக்கையில் பச்சைச் சாயம் பூசியிருந்தாள். லூர்துராணி துணிக்குப் போடும் நீலத்தைத் தடவியிருந்தாள். சந்திரம்மாள் எந்த அடையாளமும் வைக்கவில்லை. "மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?" என்பாள். அவனுக்கு எல்லா மூஞ்சியும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

கொட்டானை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் வாத்துகளைப் பார்த்தான். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுகிறவை. இன்று போகவில்லை. அடுப்படிப் படிக்குக் கீழே ஒரே வரிசையாக நின்றன. கத்தவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம், உள்ளே அவளைக் கிடத்தியிருந்த பக்கம், திரும்பியிருந்தன.

"காலையிலேர்ந்து இப்பிடியே நிக்குதுங்க தம்பி," என்றாள் சாரா பீவி. கையில் காபித் தம்ளர் வைத்திருந்தாள். "வெரட்டிப் பார்த்துட்டேன். அசைய மாட்டேங்குதுங்க. யா அல்லா, வாயில்லா சீவனுக்குத் தெரியுது பாருங்க. நீங்க இந்தக் காபித் தண்ணியையாச்சும் குடிங்க. நிக்கணும்ல இன்னைக்குப் பூரா."

அவன் குடித்தான். சூடா, ஆறியதா என்று தெரியவில்லை.

பாடை தூக்கியபோது மணி பதினொன்று இருக்கும். முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் லூர்துராணியின் கணவன் சவரிராயனும் ஒருவன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ராசப்பன் அதே ஒர்க்‌ஷாப் ஆபீசில் குமாஸ்தா. கொட்டானைப் பாடையின் கால்மாட்டில், மூங்கிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அது உள்ளே கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பறைச் சத்தத்தில் அமுங்கியது. பறை நின்றபோதெல்லாம் கேட்டது.

வாசலில் ரெங்கம்மாள் பிள்ளையைத் தூக்கி வந்து நின்றாள். பார்க்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். காட்டாதே, உள்ளே கொண்டு போ என்று வேறு யாரோ அதட்டினார்கள். ரெங்கம்மாள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாலை ரோட்டில் ஒரு கூட்டம் எதிரே வந்தது. நாமம் போட்ட சொம்புகளோடு மஞ்சள் வேட்டி கட்டிய ஆட்கள், புரட்டாசிச் சனிக்கு அரிசி வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துப் பக்கம் போகிறவர்கள். "கோவிந்தா!" என்று அவர்கள் குரல் கொடுத்தார்கள். பாடைக்கு முன்னால் போனவர்களும் "கோவிந்தா!" என்றார்கள். கொஞ்ச நேரம் எது எந்தக் குரல் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு கூட்டமும் உரசிக்கொண்டு கடந்தன. எதிரே வந்த கிழவர் ஒருவர் பழக்க தோஷத்தில் சொம்பை ராசப்பன் முன்னால் நீட்டிவிட்டார். நீட்டியபிறகு அவன் கையிலிருந்த தீச்சட்டியைப் பார்த்தார். சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

சுடுகாடு உறையூருக்கு அப்பால், அதே உய்யக்கொண்டான் கரையில் இருந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் சொல்லச் சொல்ல அவன் செய்தான். குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றினான். பின்னாலிருந்து துளை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். முகத்தைப் பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்தான். மஞ்சள் அதிகமாகப் பூசியிருந்தார்கள். கொள்ளி வைத்தான்.

"சார், அந்தக் குஞ்சு," என்றான் சவரிராயன்.

கொட்டானை அவிழ்த்து அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். ராசப்பன் துண்டை எடுத்தான். வெளிச்சத்தில் குஞ்சு கண்ணைச் சிமிட்டியது. மஞ்சள் உடம்பு. தலையில் கொஞ்சம் கறுப்பு. மூக்கு தட்டையாக, முன்னால் உருண்டிருந்தது. விரல்களுக்கு நடுவே தோல்.

சவரிராயன் குனிந்து பார்த்தான்.

"சார்... இது வாத்துல்ல?"

ராசப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மாதத்துக்கு முந்திய சாயங்காலம். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வாத்து அடைக்கு உட்காராது, அதன் முட்டையைக் கறுப்பிக்கு வைத்திருக்கிறேன், ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையையும் அதே கூடையில் சேர்ப்பேன், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பொரிக்கும் என்று அவள் சொன்னாள். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டாள். இரும்பு இடியை இழுக்கத்தான் செய்யும் என்று அவன் பேப்பரை மடிக்காமலே சொன்னான். அவள் சிரித்தாள். முட்டை விஷயத்தை அவன் கேட்டிருக்கவில்லை. இப்போதுதான் கேட்டது.

"கோழியா இருந்தா என்ன, வாத்தா இருந்தா என்ன? உசுருதானப்பா," என்றார் அவனுடைய சித்தப்பா. "விட்டுட்டு வா. நேரமாவுது. திரும்பிப் பார்க்காதே."

கரையில் புல் இருந்த இடத்தில் அதை இறக்கி விட்டான். எல்லோரும் நடந்தார்கள். அவனும் நடந்தான். பின்னால் கட்டைகள் வெடிக்கும் சத்தம். கோழிக்குஞ்சாக இருந்தால் அது அங்கேயே நின்று கத்தும். பருந்தோ நாயோ பார்த்துக்கொள்ளும். எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று காலையில் சொல்லியிருந்தார்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

புல்லில் குஞ்சு இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சளாகச் சின்னதாக ஒன்று மிதந்தது. அதன் பின்னால் சிவப்பாக ஒரு கோடு. அது எந்த அவசரமும் இல்லாமல், தண்ணீர் போகிற பக்கமே போனது.

தண்ணீர் கிழக்கே போனது. பாலக்கரைப் பக்கம்.

"என்ன சார்?" என்றான் சவரிராயன்.

"ஒண்ணுமில்லை. நடங்க."

வீட்டுக்கு வந்து குளித்தான். அவள் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. சாரா பீவி வீட்டிலிருந்து கஞ்சி வந்திருந்தது. யாரும் தொடவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

லூர்துராணி மூலையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. சந்திரம்மாளுக்கு ஜன்னி கண்டதிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் அவள்தான் பால் கொடுத்தாள். இப்போது அவள் மடியில் ராசப்பனின் பிள்ளை.

"குடிக்குதா?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

"இல்லைம்மா. வாயைத் திறக்க மாட்டேங்குறா. காலையில நல்லாத்தான் குடிச்சா."

"எப்பலேர்ந்து?" என்றான் ராசப்பன்.

சுடுகாட்டிலிருந்து வந்தபிறகு அவன் தானாக வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"மத்தியானத்துலேர்ந்து அண்ணே. பொன்மலைச் சங்கு ஊதுச்சுல்ல, சனிக்கிழமை அரை நாள் சங்கு, அப்ப இருக்கும். அதுலேர்ந்து கண்ணைத் திறக்கலை, அழவும் இல்லை. தூங்குறாளா என்னன்னே தெரியலை. உடம்பு லேசா சுடுது."

சங்கு ஊதியபோது அவன் சுடுகாட்டில் கையில் துண்டோடு நின்றிருந்தான்.

ரெங்கம்மாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மாப்ள, விட்டுட்டு வந்துட்டீங்கல்ல?"

"விட்டுட்டேன்."

"உங்க கையாலதானே?"

"என் கையாலதான்."

"திரும்பிப் பார்க்கலையே?"

"இல்லை."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப சரி. அது அங்கயே போயிருக்கும். இது வேற என்னமோ. ஓமம் கொஞ்சம் வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுப்போம்."

கொல்லையிலிருந்து சாரா பீவியின் குரல் கேட்டது.

"ஏ லூர்து, என் பச்சைக்காரி உன் விறகுலதான் இன்னைக்கும் முட்டை போட்டிருக்கா."

"உங்க கோழிக்கு என் விறகுதான் இனிக்குது பீவியம்மா. போன வாரம் போட்டதையும் உங்களுதுன்னுதான் எடுத்துட்டுப் போனீங்க."

"அது என்னோடதுதாண்டி."

"சந்திரா சொல்லட்டும்."

சொன்னபிறகு லூர்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். கொல்லையிலும் சத்தம் இல்லை. யார் வீட்டு முட்டை என்று கையில் வைத்துப் பார்த்தே சொல்வாள் சந்திரம்மாள். கூடு மாறி வந்து அடைந்த கோழியை ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ள மாட்டாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு போய், கதவைத் தட்டி, கொடுத்துவிட்டு வருவாள். தன்னுடையது இல்லாததை அவளுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது.

சாரா பீவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முட்டையை மடியில் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். நீங்கள்லாம் அங்க போயிருந்தப்ப வாத்துங்க இந்தப் படிக்கிட்டதான் நின்னுச்சுங்க. நான் வாசப்படியைக் கழுவிட்டிருந்தேன். திடீர்னு எல்லாம் ஒண்ணா வாய்க்கால் பக்கம் திரும்பிச்சுங்க. சத்தியமாச் சொல்றேன், கூப்பிட்ட மாதிரி. 'தா தா'ன்னு சந்திரா கூப்பிடுவாளே, அப்பத் திரும்புமுல்ல, அந்த மாதிரி. வரிசையா எறங்கிப் போயிடுச்சுங்க."

"எந்தப் பக்கம் போச்சு?" என்றான் ராசப்பன்.

"மேல. தண்ணி வர்ற பக்கம். எப்பவும் அந்தப் பக்கம் போவாதுங்களே. இன்னும் வரலை."

ரெங்கம்மாள் எழுந்தாள். "பொழுது சாயுது. நான் போய்ப் பார்க்கறேன்."

"நீங்க இருங்க அத்தை," என்றான். "நான் போறேன்."

கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினான். கதவு கல்லில் உரசிச் சத்தமிட்டது.

வாய்க்காலுக்கு நாலைந்து கல் படிகள். கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. அதற்கு மேல்படியில் உட்கார்ந்தான். வெயில் மரங்களின் உச்சிக்குப் போய்விட்டது. தண்ணீர் காப்பி நிறத்தில் போனது. வைக்கோல் ஒன்று வந்தது. பிறகு ஒரு செம்பருத்திப் பூ. எதுவும் நிற்கவில்லை, எல்லாம் அவன் காலடியைத் தொட்டுவிட்டுப் போயின.

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். உறையூரிலிருந்து இங்கே இவ்வளவு தூரம். நடுவில் மதகு, பாலம், துணி துவைக்கும் கற்கள், பையன்கள், நாய்கள், பருந்துகள். உள்ளங்கையளவு குஞ்சு. வர வாய்ப்பே இல்லை. வந்தாலும் அது தண்ணீர் கொண்டுவந்ததுதான். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும், வாத்து தண்ணீரில்தான் போகும். இதில் வேறு எதுவும் இல்லை. அவன் இதை இரண்டு முறை தனக்குச் சொல்லிக்கொண்டான். பிறகும் மேற்கே பார்த்தபடியே இருந்தான்.

கரையில் கறுப்புக் கோழி தன் குஞ்சுகளோடு வந்து நின்றது. கோழிக்குஞ்சுகள் அதன் காலைச் சுற்றிக் கீறிக்கொண்டிருந்தன. வாத்துக்குஞ்சுகள் தண்ணீர் ஓரத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. கோழி அவற்றைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கழுத்தை நீட்டி மேற்கே பார்த்தது. அதுவும் எதற்கோ காத்திருந்தது.

வளைவில் முதல் வாத்து தெரிந்தது. அதன் பின்னால் அடுத்தது. கத்தாமல், இடைவெளி மாறாமல் வந்தன. எப்போதும் அந்தி நேரத்தில் கூச்சல் போட்டுக்கொண்டு வருகிறவை. அவன் எழுந்து நின்றான். ஒவ்வொன்றாக அவனைக் கடந்து படியேறிக் கூட்டுப் பக்கம் போயின. அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி வாத்துக்குப் பின்னால், அதன் அலையிலேயே ஏறி இறங்கிக்கொண்டு, குஞ்சு வந்தது.

அது படியேறவில்லை. படிக்கு முன்னால் நின்று, தண்ணீர் இழுக்காமல் காலை அடித்துக்கொண்டு, அவனைப் பார்த்தது. சிவப்புத் துணி நனைந்து கறுத்திருந்தது. அவன் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அவன் உட்கார்ந்தான். கையை நீட்டினான். விலகிப் போகும் என்று நினைத்தான். நேராக வந்து உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. குளிர்ந்திருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. களைத்துப் போயிருந்தது; தலையை அவன் மணிக்கட்டில் சாய்த்தது.

"சந்திரா," என்றான். யாருக்கும் கேட்காத குரல்தான்.

வீட்டுப் பக்கம் காது கொடுத்துப் பார்த்தான். ஒரு முனகலாவது கேட்கும் என்று காத்திருந்தான். பிள்ளை அழவில்லை. உள்ளே யாரும் பேசவும் இல்லை. யாரோ குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வீடு அப்படி இருக்கும். விடியற்காலையில் அப்படித்தான் இருந்தது.

மற்றக் கையை அதன்மேல் மூடினான். இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் இறக்கினான்.

வாத்து தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் சாகாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. சின்னக் கால்கள் உள்ளங்கையை மிதித்தன. திமிறவில்லை, நீந்துவதுபோலத்தான் மிதித்தன. ஒரு கால், பிறகு மறு கால். அவன் எதிர்க்கரையில் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் கோழியின் சத்தம் நின்றது. கூட்டுப் பக்கம் போன வாத்துகளின் சலசலப்பும் நின்றது. அவன் திரும்பாமலே தெரிந்தது, எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று.

மிதிப்பது நின்றது. நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல்களை விரித்தான். தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போனது. சிவப்புத் துணி முன்னால் போனது. அது பின்னால் போனது. பாலத்துக்கு அடியில் இருட்டு. அதற்கு அப்பால் வரகனேரி, அரியமங்கலம்.

எழுந்து போய்க் கூட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். கறுப்புக் கோழி வெளியே நின்றது. அவன் பக்கத்தில் போனதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சாரா பீவியின் வீட்டுப் பக்கம் போய்விட்டது.

அடுப்படிக் கதவைத் திறந்தபோது ஓமம் வறுத்த வாசனை வந்தது. லூர்துராணி ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தாள். அன்று அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை.

"எங்க அண்ணே போயிட்டீங்க இத்தனை நேரம்? உங்க மக வயிறு முட்டக் குடிச்சுட்டா. இங்க பாருங்க, ஏப்பம் வேற."

அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்பக் குடிச்சா?"

"நீங்க அந்தப் பக்கம் போன உடனே. கதவு உரசுச்சுல்ல, அந்தச் சத்தத்துல முழிச்சா. முழிச்சவ பிடிச்சவதான், விடவே இல்லை. நாங்க பேசினாக்கூட விட்டுடுவாளோன்னு மூச்சுக் காட்டாம உட்கார்ந்திருந்தோம். அழுத்தக்காரி. அப்பனை அலைய விடணும்னே இருந்திருக்கா."



ரெங்கம்மாள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். அவள் முகம் காலையிலிருந்ததைவிட வயது குறைந்து தெரிந்தது.

"வாத்தெல்லாம் வந்துடுச்சா மாப்ள?"

"வந்துடுச்சு."

"அடைச்சுட்டீங்களா?"

"அடைச்சுட்டேன்."

"இனிமே பயமில்லை," என்றாள். "நான் சொன்னேன்ல, அது அங்கயே போயிடுச்சுன்னு. இந்தாங்க, இவளைப் பிடிங்க. விளக்குல எண்ணெய் குறைஞ்சு போச்சு."

"கை ஈரமா இருக்கு அத்தை."

"ஈரம் என்ன பண்ணும்? பெத்த அப்பன் கை. பிடிங்க."

அவள் பிள்ளையை அவன் கைகளில் வைத்துவிட்டு விளக்குப் பக்கம் போனாள். துணி விலகியிருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து மேலே எங்கோ பார்த்தது. பிறகு உடம்பை நெளித்து, ஒரு காலை நீட்டியது. சின்னப் பாதம் அவன் உள்ளங்கையை மிதித்தது. நின்றது. மறு கால் மிதித்தது.

அவன் விரல்களை மடக்காமல் விரித்தே வைத்திருந்தான்.